கூட்டத்துப் பாட்டு வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறதே, ஏன்?

ரயிலடி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்காரர்கள் இங்கே நிறைய பேர் இருப்பதால் இங்கேயே போடுகிறேன். வெளியூர்க்காரர்கள், வேறு சமயத்தவர்கள், எல்லாரும் தாராளமாகப் பேசலாம்.

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை என்றால் களை கட்டும். மூன்று ராத்திரி மண்டபம் எடுத்து நற்செய்திக் கூட்டம் வைத்தால் கேட்கவே வேண்டாம். டிரம்ஸ், கீபோர்டு, கைத்தட்டல், கண்ணீர், எல்லாம் உண்டு. அதே குடும்பங்கள் காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் பேச்சே மாறிவிடுகிறது. யார் என்ன புடவை கட்டி வந்தார், பிரசங்கியார் ஏன் அவ்வளவு இழுத்தார், தாபாவ் (பொட்டலச் சாப்பாடு) வாங்கிப் போகலாமா வேண்டாமா. வீட்டுக்குள் நுழைந்தால் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கைப்பேசி. குடும்ப ஜெபம் நடந்தாலும் பிள்ளைகளின் கண் சுவர்க் கடிகாரத்தில்.

2 சாமுவேல் 6 நம் எல்லாருக்கும் தெரிந்த பகுதி. கர்த்தருடைய கட்டளைகள் வைத்த உடன்படிக்கைப் பெட்டி எருசலேமுக்கு வருகிறது, தாவீது ராஜா சணல்நூல் ஏபோத் என்ற ஆசாரிய உடையைக் கட்டிக்கொண்டு முழுப் பலத்தோடு ஆடுகிறார். அந்த ஆட்டத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று. அதற்குப் பிறகு வருவதை யாரும் தொடுவதில்லை. ஜனங்களுக்கு அப்பமும் இறைச்சியும் பங்கிட்டுக் கொடுத்து அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தன் வீட்டாரை ஆசீர்வதிக்கத் திரும்புகிறார். அன்றைக்கு அவ்வளவு ஆடிய மனுஷனுக்கு வீட்டில் இன்னொரு வேலை பாக்கி இருந்திருக்கிறது.

உங்கள் வீட்டில் குடும்பமாகப் பாடி ஜெபிப்பதை உண்மையாகவே செய்கிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, யார் பாடுவது, எவ்வளவு நேரம், பிள்ளைகளை எப்படி உட்கார வைக்கிறீர்கள்? "அன்பாக இருங்கள், பொறுமையாக இருங்கள்" என்ற வகை ஆலோசனை வேண்டாம், அது என்னிடமே நிறைய இருக்கிறது.

ஒட்டுப்பால் எழுதியது:

தாபாவ் வாங்கிப் போவதை ஏன் அண்ணே குறை சொல்கிறீர்கள்? தாவீதே கையில் இறைச்சித் துண்டைக் கொடுத்துத்தானே அனுப்பினார்.

மூணாம் நம்பர் லயம் எழுதியது:

ரயிலடி தம்பி, நீங்கள் சொன்ன பகுதியை முழுசாகச் சொல்லாமல் நிறுத்திவிட்டீர்கள். வாசலில் என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள். அவர் மனைவி மீகாள், முந்தின ராஜா சவுலின் மகள், எதிரே வந்தாள். அடிமைப் பெண்கள் பார்க்க இப்படி ஆடினாயே, ராஜாவுக்கு இது அழகா என்று குத்திக் காட்டினாள். தாவீது சும்மா இருந்தாரா? உன் தகப்பனைத் தள்ளிவிட்டுக் கர்த்தர் என்னைத் தெரிந்துகொண்டார் என்று பதிலுக்கு அறைந்தார். அப்புறம் வீட்டாரை ஆசீர்வதித்தாரா இல்லையா? அந்த அதிகாரத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பாருங்கள், ஆசீர்வாதச் சொல் ஒன்றுகூட அங்கே இல்லை. ஆசீர்வதிக்கப் போனவர் வாக்குவாதத்தில் ஜெயித்தார், அவ்வளவுதான்.

பிரசங்கங்களில் மீகாளை ஒரு வில்லியாக நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். அவள் பட்டது என்ன? தாவீதை நேசித்தாள் என்று 1 சாமுவேல் 18-ல் எழுதியிருக்கிறது. உயிர் தப்ப ஜன்னல் வழியாக அவரை இறக்கிவிட்டதும் அவள்தான். பிறகு அப்பன் அவளை எடுத்து பல்த்தியேல் என்பவனுக்குக் கொடுத்துவிடுகிறான். பல வருஷம் கழித்து ஓர் அரசியல் ஒப்பந்தத்தின் நிபந்தனையாகத் திரும்பப் பிடுங்கி வருகிறார்கள். அந்தப் புருஷன் பகூரிம் வரைக்கும் பின்னாலேயே அழுதுகொண்டு நடந்து வந்தானாம். அவளிடம் யாராவது உனக்குச் சம்மதமா என்று கேட்டதாக ஒரு வரி உண்டா? ஊர்வலத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அப்பம் கிடைத்தது என்று எழுதியிருக்கிறது, ஆகவே பெண்கள் கூட்டத்தில் இருந்தார்கள். இவள் மட்டும் ஜன்னலில்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நற்செய்திக் கூட்டம் மூன்று ராத்திரி நடந்தால் வெளியூர்ப் பிரசங்கியாருக்கும் பாட்டுக் குழுவுக்கும் சாப்பாடு எந்த வீட்டில்? அந்த வீட்டு அம்மா எத்தனை ராத்திரி மண்டபத்துக்கு வந்தார்? கோழி வெட்டி, ரசம் வைத்து, கடைசி ராத்திரி கடைசிப் பாட்டுக்கு ஈரக்கையோடு ஓடி வந்து பின் வரிசையில் நிற்பார். வீட்டுக்காரர் முகமெல்லாம் வெளிச்சமாகத் திரும்பி வந்து, "ஒரு டீ போடேன்" என்பார். அவருடைய சந்தோஷம் எனக்கும் தெரிகிறது, அதில் பொய் இல்லை. ஆனால் அதைப் பார்த்துச் சேர்ந்து பாடும் நிலையில் அந்த அம்மா இல்லை. வீட்டுக்குச் சந்தோஷத்தைக் கொண்டுபோக வேண்டும் என்றால் முதலில் சட்டைக் கையை மடித்துவிட்டு அண்டாவைக் கழுவட்டும்.

கேரல் கிட்டார் எழுதியது:

அக்கா 🔥🔥🔥

ரயிலடி எழுதியது:

அக்கா, சரியான அடி. ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஆட்டத்தைப் பார்த்தபோதே மீகாள் அவரைத் தன் இருதயத்தில் அவமதித்தாள் என்றும் இருக்கிறது. பேச்சு பிறகுதான் வருகிறது. கூட இருக்கிறவர் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தாலே பொறுக்காத ஆட்களும் வீட்டில் உண்டு, ஆணிலும் உண்டு பெண்ணிலும் உண்டு. நாளாகமத்திலும் இதே நிகழ்ச்சி வருகிறது. 1 நாளாகமம் 16-ன் கடைசி வசனம், ஜனங்கள் வீட்டுக்குப் போனார்கள், தாவீது தன் வீட்டாரை ஆசீர்வதிக்கத் திரும்பினார் என்று சண்டை இல்லாமல் முடிகிறது. அந்த முடிவு நமக்கு எப்படி வாய்க்கும் என்பதுதான் என் கேள்வி.

மூணாம் நம்பர் லயம் எழுதியது:

சண்டையை எழுதாமல் விட்டால் சண்டை இல்லை என்று ஆகிவிடுமா தம்பி? சரி, நீங்கள் போங்கள். மற்றவர்கள் பேசட்டும்.

பழைய கிராணி எழுதியது:

இளையவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். பிறகு வேறொரு தோட்டத்தில் கிராணியாக (அலுவலகக் கணக்கராக) இருந்து ஓய்வு பெற்றேன்.

அப்போது கித்தா (ரப்பர்) காலம். வெயில் ஏறுவதற்குள் சீவினால்தான் பால் நன்றாக இறங்கும். அதனால் விடியுமுன்னே பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்க வேண்டும். காலையில் வீட்டில் யாரும் உட்கார்ந்து ஜெபம் செய்ய முடியாது. சாயங்காலம்தான். குளித்து, சாப்பிட்டு, விளக்கு வைத்த நேரம். லயத்து வீடுகள், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள், எல்லாம் பலகைச் சுவர். எங்கள் லயத்தில் இரண்டு வீட்டுக்கு நடுவே இருக்கிற தடுப்பு கூரை வரைக்கும் போகாது, மேலே திறந்தே இருக்கும். ஒரு வீட்டில் கீர்த்தனை எடுத்தால் அடுத்த வீட்டுக்கும் அதற்கடுத்த வீட்டுக்கும் அது தானாகப் போகும். எங்கள் அப்பா அடி எடுப்பார், சரணத்தை இரண்டு வீடு தள்ளி ஒரு பாட்டி முடிப்பார். பாதி நேரம் பாட்டி முந்திக்கொள்வார், அப்பாவுக்குக் கோபம் வரும். இடையில் இருந்தது மாரியம்மனைக் கும்பிடுகிற குடும்பம். அந்த வீட்டுப் பையன் எங்கள் கீர்த்தனை முழுவதையும் தாளத்தோடு பாடுவான். வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில் தேவாரம் பாடினால் அது எங்கள் காதில் விழும். அதில் சிலது எனக்கு இன்றும் மனப்பாடம்.

பிறகு தோட்டத் துண்டாடல் வந்தது. துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்க, ஜனங்கள் வேலையும் வீடும் போய் நின்றார்கள். அதைத் தடுக்கத்தான் நம் ஊரில் பிறந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது ஒரு பெரிய கதை, இங்கே வேண்டாம். அதன்பின் கித்தா போய்ச் செம்பனை வந்தது. லயம் போய்த் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வந்தது. செங்கல் சுவர், இரும்பு கேட், உள்ளே நாய். தண்ணீர், மின்சாரம், கழிப்பறை எல்லாம் வீட்டுக்குள்ளேயே வந்தது, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன், அந்தக் காலத்துப் பொதுக் கழிவறை வரிசையில் நின்றவனுக்குத்தான் தெரியும். ஆனால் ஒரு வீட்டுப் பாட்டு இன்னொரு வீட்டுக்குப் போன வழி அடைபட்டுவிட்டது. அந்த நாளில் வீட்டு ஆராதனையே பாதி பொது ஆராதனையாக இருந்தது. தனியாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய தேவை வரவில்லை.

நான் லுத்தரன். எங்கள் சபைக்கு முன்னோடியான மார்ட்டின் லூத்தர் 1529-ல் சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி பதில் விசுவாசப் பாடத்தை எழுதியபோது, அதன் ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இது குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய முறை என்றுதான் தலைப்புப் போட்டார். காலை ஜெபத்துக்கு அவர் கொடுத்த ஒழுங்கு மிகச் சின்னது. எழுந்ததும் விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், வேண்டுமானால் இன்னொரு சிறு ஜெபம். பிறகு ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு சந்தோஷமாய் வேலைக்குப் போ என்கிறார். ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு தமிழில் முதலில் கொண்டுவந்தவற்றில் இந்த ஞானோபதேசமும் ஒன்று. நம் ஆட்கள் இதை ஏன் ஒரு மணி நேரமாக நீட்டினார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. எங்கள் அப்பாவும் நீட்டியவர்தான்.

இரவு ஷிப்டு எழுதியது:

ஐயா எழுதியதைப் படிக்க ஆசையாக இருக்கிறது, ஆனால் எல்லாரும் சாயங்காலம் வீட்டில் இருந்த காலம் அது. நான் ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு. மனைவி மருத்துவமனையில் தாதி, அவருக்கும் ஷிப்டு. நான்கு பேரும் ஒரே மேசையில் உட்காருவது வாரத்துக்கு ஒரு தடவை நடந்தால் பெரிது. சபையில் ஒருவர் மாற்றி ஒருவர் "தினமும் ஏழு மணிக்குக் குடும்பமாக" என்று சொல்லும்போது எரிச்சல்தான் வரும்.

நாங்கள் காரில் வைத்துக்கொண்டோம். காலையில் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு இறக்கிவிடப் போகும்போது ஒரே ஒரு பாட்டு. இரவு வேலை முடிந்து நான் நேராக வந்து அவர்களை ஏற்றுவேன், கண் பாதி மூடியிருக்கும், வெளியே இன்னும் இருட்டாக இருக்கும். பாட்டைப் பிள்ளைகள் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். பெரியவள் சபையில் புதிதாகக் கற்ற பாட்டைச் சொல்வாள். சின்னவன் முறை வந்தால் பிறந்தநாள் பாட்டுத்தான், வேறு எதற்கும் சம்மதிக்கமாட்டான். யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டால் ஒரு நாள் இயேசுவுக்கு என்பான், ஒரு நாள் கேன்டீன் ஆன்ட்டிக்கு என்பான். பாடிவிடுவோம். பள்ளி கேட் வந்ததும் அவர்கள் தலையில் கை வைத்து ஒரு வரி ஜெபம், இறங்கு, பையை எடு, ஓடு.

உபாகமம் 6-ல் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் பேசு என்று இல்லை, வழியில் நடக்கிறபோதும் என்று இருக்கிறது. எங்களுக்கு வழி மட்டும்தான் கிடைத்தது.

மெத்தடிஸ்ட் மருமகள் எழுதியது:

பிறந்தநாள் பாட்டு 😂 எங்கள் வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு எப்போதும் கிறிஸ்துமஸ் பாட்டு. ஜூன் மாதத்தில்.

நேரம் பற்றிப் பேச்சு வந்ததால் சூசன்னா வெஸ்லி ஞாபகம் வந்தது. மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, அவர் தம்பி சார்ல்ஸ் வெஸ்லியின் அம்மா. பத்தொன்பது பிள்ளை பெற்று, அதில் பாதிக்கு மேல் சாகக் கொடுத்தவர். ஒரு வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சாயங்காலம் என்று ஒதுக்கித் தனியாக உட்கார்ந்து பேசுவாராம். வியாழன் ஜானுக்கு, சனி சார்ல்ஸுக்கு. எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்து ஓதுவது வேறு, ஒரு பிள்ளையிடம் தனியாக "உனக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்பது வேறு. என் மாமியார் இரண்டாவதைத்தான் செய்வார், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே. அந்த நேரத்தில்தான் என் மகள் வாயைத் திறப்பாள்.

இன்னொன்றும் உண்டு. 1712 வாக்கில் குருவானவரான சூசன்னாவின் கணவர் லண்டனுக்குப் போயிருந்தபோது, ஞாயிறு சாயங்காலம் இங்கிலாந்தின் எப்வொர்த் ஊரில் இருந்த வீட்டில் சூசன்னா தன் பிள்ளைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் பிரசங்கம் வாசித்துச் சங்கீதம் பாட ஆரம்பித்தார். பக்கத்து வீட்டார் நாங்களும் வரலாமா என்று கேட்டு வந்தார்கள். வந்து வந்து இருநூறு பேர் ஆகிவிட்டது. ஆலயத்தில் பொறுப்பில் இருந்த உதவிக் குருவானவருக்கு அது பிடிக்காமல் கணவருக்குப் புகார்க் கடிதம் எழுதினார். இங்கே நாம் எல்லாரும் கூட்டத்திலிருந்து வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது என்று கேட்கிறோம். அந்த வீட்டில் அது எதிர்த்திசையில் ஓடியது.

கல்லுமலை எழுதியது:

நான் கிறிஸ்தவன் இல்லை, முருகனைக் கும்பிடுகிறவன். எல்லாரும் பேசலாம் என்றதால் வந்தேன்.

மெத்தடிஸ்ட் மருமகள் அக்கா கடைசியாக எழுதியது எங்கள் பக்கம் நன்றாகப் பொருந்துகிறது. தைப்பூசம் என்றால் வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு நாள் விஷயம். ஈப்போவில் புந்தோங் மாரியம்மன் கோயிலில் காவடி தூக்கி, குனோங் சேரோ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போவோம். உறுமி மேளம், ஆட்டம், வேல் வேல் என்கிற சத்தம், வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். படம் எடுக்கிறவர்கள் எடுப்பது அதைத்தான். ஆனால் அது வீட்டில் எத்தனையோ நாளுக்கு முன்னமே தொடங்கிவிடுகிறது. விரதம் 48 நாள் என்பார்கள், அவரவர் சக்திக்கு ஏற்பக் குறைத்துக்கொள்வதும் உண்டு. காவடி எடுப்பது நான் ஒருவன், விரதம் வீட்டுக்கே. எங்கள் வீட்டில் அத்தனை நாளும் கவுச்சி சமைப்பது கிடையாது, யாரும் சத்தம் போட்டு ஏசுவது கிடையாது, நான் பாயில்தான் படுப்பேன். மாலையில் விளக்கு ஏற்றி அம்மா கவசம் படிப்பார். என் தங்கை மகன் டிவி சத்தத்தைத் தானே குறைப்பான். அந்த வீட்டிலிருந்துதான் நான் காவடியோடு கிளம்புகிறேன். காவடி இறக்கிய பிறகும் சட்டென்று முடிந்துவிடாது. இடும்பன் பூசை போட்டு, படைத்துச் சாப்பிட்டுத்தான் விரதம் விடுவோம்.

வருத்தம் எங்கே என்றால், இப்போது சில இளசுகள் விரதத்தை விட்டுவிட்டு உறுமியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். அடி தூள் பறக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. மறுநாள் அந்த வீட்டில் கேட்டால் தைப்பூசம் வந்ததே தெரியாது.

ஒட்டுப்பால் எழுதியது:

விரத நாளில் யாரும் ஏசக்கூடாது என்பதற்காகவே எங்கள் வீட்டில் வருஷம் முழுக்க விரதம் போடலாம் என்று பார்க்கிறேன்.

கேரல் கிட்டார் எழுதியது:

எனக்கு வயது குறைவு, ஆனால் இங்கே யாரும் பிள்ளைகள் பக்கம் பேசவில்லை.

பிள்ளைகளுக்குப் பாட்டுப் பிடிக்காமல் இல்லை. சபையில் டிரம்ஸ் வாசிப்பது யார், நாங்கள்தானே. பிரச்சினை என்னவென்றால் மேடையில் பார்க்கிற ஆள் வேறு, வீட்டில் பார்க்கிற ஆள் வேறு. இரண்டு கையும் தூக்கிக் கண்ணீர் விட்டுப் பாடிய அங்கிள் கார் நிறுத்துமிடத்திலேயே ஆன்ட்டியை "அறிவிருக்கா" என்று கத்துவார். ஒரு மணி நேரம் கழித்து "எல்லாரும் வாங்க, ஜெபம்" என்றால் பிள்ளை எந்த முகத்தோடு வந்து உட்காரும்? (என் அப்பாவைச் சொல்லவில்லை. அப்பா, நீங்கள் இதைப் படித்தால், நிஜமாகவே உங்களைச் சொல்லவில்லை.)

எனக்கு வருஷத்தில் ரொம்பப் பிடித்தது டிசம்பரில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் கேரல் பாடப் போவது. கிட்டார் ஒன்று, கஞ்சிரா ஒன்று, அவ்வளவுதான். வீட்டுக்காரர் முறுக்கும் சிரப்பு தண்ணியும் வைத்திருப்பார். சபைக்கு வர முடியாத வயதானவர்கள் வீட்டில் பாடும்போது அவர்களும் பாடுவார்கள், எங்களுக்குத் தெரியாத சரணமெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அங்கே மைக் இல்லை, யாரும் கண்ணை மூடி உருகிக் காட்டுவதில்லை, வாசலில் செருப்பு கலைந்து கிடக்கும், நாய் குரைக்கும், யாராவது தப்பான இடத்தில் தொடங்கிச் சிரிப்பு வரும். வீட்டு ஆராதனை அப்படி இருந்தால் நான் வருவேன். டிசம்பரில் மட்டும் ஏன்?

நெறியாளர்:

பேச்சு நன்றாகப் போகிறது. நீக்கப்பட்ட இரண்டு பதிவுகள் பற்றி: ஒரு சமயத்தைத் தூக்கி இன்னொன்றை மட்டம் தட்டும் பதிவு எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் நீக்கப்படும்.

தாமான் மூலைவீடு எழுதியது:

நடைமுறைச் சந்தேகம் ஒன்று. எங்கள் தாமானில் ஒட்டு வீடுகள். ஒரு பக்கம் மலாய்க் குடும்பம், மறுபக்கம் சீன வயோதிகத் தம்பதி. சத்தமாகப் பாடினால் பிரச்சினை வருமா? போன தடவை எங்கள் வீட்டில் செல் குரூப் (சபையின் சிறு ஜெபக் குழு) நடந்தபோது ஒருவர் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

பழைய கிராணி எழுதியது:

ஸ்பீக்கர் எதற்கு ஐயா? நான்கு பேர் பாட நான்கு தொண்டை போதாதா? எங்கள் பக்கத்து வீடும் மலாய்க் குடும்பம்தான். மஃரிப் (பொழுது சாய்ந்ததும் தொழும்) நேரம் முடிந்து கொஞ்சம் கழித்துத்தான் நாங்கள் தொடங்குவோம், ஒன்பதுக்கு மேல் பாட்டு இல்லை. அவர்கள் வீட்டில் யாசின் ஓதும் சத்தம் எங்களுக்குக் கேட்கும், எங்கள் சத்தம் அவர்களுக்குக் கேட்கும். என் மனைவிக்கு உடம்பு முடியாமல் நாங்கள் சில நாள் பாடாமல் இருந்தபோது, அந்த வீட்டு அம்மா கேட்டருகே வந்து "ஏன் சத்தத்தையே காணோம், எல்லாம் நலம்தானே?" என்று விசாரித்தார். நேரம் தெரிந்து அளவோடு பாடினால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

செம்பருத்தி எழுதியது:

எல்லாரும் சந்தோஷம் சந்தோஷம் என்கிறீர்கள். சந்தோஷமே இல்லாத வீட்டில் என்ன செய்வது?

எங்கள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நான் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொள்கிறேன். பார்க்க வருகிற சபையார் படுக்கையைச் சுற்றி நின்று கைதட்டித் துள்ளுகிற பாட்டாகப் பாடுவார்கள். நல்ல மனசுதான். அவர்கள் போனதும் எனக்கு அழுகையாக வரும். துள்ளுகிற மனநிலையில் நானும் இல்லை, அப்பாவும் இல்லை. சங்கீதப் புத்தகத்திலேயே நிறையப் புலம்பல் இருக்கிறதே, அதை ஏன் யாரும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை?

ஒரு விஷயம் மட்டும் நடந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், அப்பாவுக்குப் பழக்கமான பாட்டு இருந்தால் பாடிப் பாருங்கள் என்றார். மூளையில் பேச்சுக்கான இடது பக்கம் அடிபட்டாலும் பாட்டு சில பேருக்குத் தங்கியிருக்குமாம், அதைப் பிடித்துப் பேச்சைக் கொண்டுவர முயற்சி செய்கிற பயிற்சிகூட உண்டாம். அப்பா இளவயதில் பாடிய மெதுவான கீர்த்தனை ஒன்றைத் தொடங்கினேன். "தண்ணி" என்று கேட்க முடியாதவர் இரண்டாவது அடியை எடுத்தார். சொல் பாதி தேய்ந்துதான் வந்தது, ராகம் அப்படியே. இப்போது தினமும் கஞ்சி கொடுத்த பிறகு அதே பாட்டைப் பாடுகிறோம். சில நாள் வரும், சில நாள் வராது. வராத நாளில் அவருக்குக் கோபம் வந்து கரண்டியைத் தட்டிவிடுவார். இதை ஆராதனை என்று சொல்லலாமா தெரியவில்லை, எங்கள் வீட்டில் இருப்பது இது.

ரயிலடி எழுதியது:

சொல்லலாம் சகோதரி. உங்களுக்குச் சொல்ல என்னிடம் அறிவுரை எதுவும் இல்லை.

மூணாம் நம்பர் லயம் எழுதியது:

செம்பருத்தி, உன்னை மாற்றிவிட யாராவது வருகிறார்களா? ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் அப்பாவோடு நான் உட்காருகிறேன், நீ கோயிலுக்குப் போய்விட்டு வா. ஊர் எது என்று தனிச்செய்தியில் சொல். சும்மா சொல்லவில்லை.

துள்ளல் பாட்டு பற்றி நீ சொன்னது நிஜம். படுக்கை பக்கத்தில் பாடுகிறவர்கள் முதலில் படுத்திருப்பவரிடம் என்ன பாட வேண்டும் என்று கேட்கட்டும்.

இரவு ஷிப்டு எழுதியது:

ரயிலடி அண்ணன் கேட்ட முதல் கேள்விக்கு இன்னொன்று. தாவீது ஆடியதற்கு முந்தின மூன்று மாதம் அந்தப் பெட்டி எங்கே இருந்தது? கித்தியனாகிய ஓபேத்ஏதோம் என்பவன் வீட்டில். வழியில் பெட்டியைத் தொட்ட ஊசா என்பவன் செத்துப்போனதைப் பார்த்துப் பயந்து, தாவீது அதை ஊருக்குள் கொண்டுவராமல் அந்த வீட்டில் இறக்கி வைத்தார். அங்கே கர்த்தர் அவனையும் அவன் வீட்டார் அனைவரையும் ஆசீர்வதித்தார் என்று இருக்கிறது. அந்த வீட்டில் என்ன செய்தார்கள், மேளம் அடித்தார்களா, என்ன பாடினார்கள், ஒன்றும் எழுதவில்லை. அந்த வீடு ஆசீர்வாதமாக இருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் தாவீதுக்குத் தைரியமே வந்தது, அதற்குப் பிறகுதான் ஊர்வலம். நாளாகமத்தில் வாசல் காவலர்கள் பட்டியலில் ஓபேத்ஏதோம் என்று எட்டு மகன்களோடு ஒருவர் வருகிறார், அதே ஆள்தானா என்று படித்தவர்கள் வாதாடுவார்கள். அதே ஆள் என்று வைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது.

கல்லுமலை அண்ணன் விரதம் பற்றிச் சொன்னபோதுதான் இது மண்டையில் ஏறியது.

கல்லுமலை எழுதியது:

அட, அந்தக் கதை எனக்குத் தெரியாது. மூன்று மாதம் விரத வீடு மாதிரி இருந்திருக்கும்.

மெத்தடிஸ்ட் மருமகள் எழுதியது:

அப்போஸ்தலர் 2-லும் இரண்டும் பக்கம் பக்கமாக இருக்கிறது பாருங்கள். தேவாலயத்தில் தினமும் கூடினார்கள், வீடுகள்தோறும் அப்பம் பிட்டு மகிழ்ச்சியோடு சாப்பிட்டார்கள். சாப்பாடு இல்லாமல் எங்கள் வீட்டில் எதுவும் நடக்காது என்பதால் இது எனக்கு வசதியான வசனம். நாங்கள் வெள்ளி இரவு சாப்பிட்ட தட்டை எடுப்பதற்கு முன்பே ஒரு பாட்டு எடுத்துவிடுவோம். தட்டை எடுத்த பிறகு என்றால் ஆளைப் பிடிக்க முடியாது. பாட்டு முடிந்ததும் அந்த வாரம் நல்லதாக நடந்த ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். மாமனார் எப்போதும் "உயிரோடு இருக்கிறேன்" என்பார். மகள் ஒரு தடவை "கணக்குப் பாடத்துக்கு ஆசிரியர் வரவில்லை" என்றாள். அதற்கும் நன்றி சொல்லியாயிற்று. பத்து நிமிஷம். அப்புறம் தட்டுகளை என் கணவரும் மகனும் எடுக்க வேண்டும், மூணாம் நம்பர் லயம் அக்காவின் சட்டம்.

ரயிலடி எழுதியது:

சரி, எங்கள் வீட்டில் வெள்ளியிலிருந்து தொடங்குகிறோம். சாப்பாட்டு மேசையில், தட்டு எடுக்குமுன், ஒரு பாட்டு. மனைவியிடம் சொன்னேன், இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டு "அந்த அக்கா யார், நம்பர் கிடைக்குமா?" என்று கேட்கிறார். மகன் கிட்டார் எடுக்கத் தயார், ஆனால் நாங்கள் பாடுகிற உயரத்துக்கு அவனால் வாசிக்க முடியாதாம். நாங்களும் சபையில் பாடுகிற சுருதியில் வீட்டில் பாட முயன்றால் மேல் ஸ்தாயியில் திணறுகிறோம். கேரல் கிட்டார் தம்பி, ஒரு வழி சொல்.

கேரல் கிட்டார் எழுதியது:

சபையில் பாட்டுக் குழுத் தலைவிக்கு வசதியான சுருதியில் வாசிப்பார்கள், அது மற்றவர்களுக்கு உயரம். வீட்டில் கிட்டாரை முதலில் எடுக்காதீர்கள். ஆன்ட்டியைச் சும்மா பாடச் சொல்லுங்கள், அவர் எங்கே தொடங்குகிறாரோ அதுதான் உங்கள் வீட்டுச் சுருதி. மகனை அதைக் கேட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் இரண்டு மூன்று படி கீழே இருக்கும். கேப்போ (கிட்டார் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டுக்கொண்டால் ஜி, சி, டி மூன்று கார்டு போதும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் ரொம்பவும் இறக்காதீர்கள், அவர்களுக்குக் குரல் வராது. தாளத்துக்கு மேசையும் கரண்டியும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை எப்படிப் போனது என்று இங்கே எழுதுங்கள் அங்கிள், மகனுக்கு கார்டு மாறும் இடம் தெரியவில்லை என்றால் குரல்பதிவு அனுப்பச் சொல்லுங்கள், கேட்டுச் சொல்கிறேன்.